எதிரியின் குண்டு

“அவன் பொஞ்சாதி இப்ப எந்த ஊர்லவே இருக்கா? ஒருதடவ நேர்ல பாத்து உள்ளதச் சொல்லிட்டம்னா, நெஞ்சு ஆப்பரேசனுக்கு நிம்மதியாப் போய்ப் படுத்துக்கிடுவேன்” என்றார் சுபேதார் நாறும்பூநாதன், போனில்.

தேவவரம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பொஞ்சாதி நாலடி தள்ளி, அடுக்களை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

ஆற்றங்கரையை ஒட்டிய சிறிய சபை ஒன்றுக்குத் தேவவரம் போதகர். ஜனங்கள் வாயில் ஐயர். சுபேதார் முக்கூடலில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்த இடத்தில், ஐயரின் போன் நம்பரை விசாரித்து வாங்கியிருந்தார். நாளை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயரையும் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணைத் தேடிப் போவதாக அவர் திட்டம். அவளைத் தேவவரமே கல்யாணம் செய்துகொண்டது அவருக்குத் தெரியாது. பட்டாளத்தை விட்ட பிறகு ஐயர் பழைய ஆட்கள் ஒருவரோடும் ஒட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நடந்து இருபத்தைந்து வருஷமாகிறது. எல்லையில் ஒரு மலைச்சரிவு. விடிந்தும் எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி. புதர் அசைந்தது. காவலில் நின்ற தேவவரம் சுட்டார். பனிக்குள்ளிருந்து, “ஏலே, நாந்தாம்லே” என்று திருநெல்வேலித் தமிழ் கேட்டது.

ஜோதிராஜ். பக்கத்து ஊர்க்காரன், ஒரே தட்டில் சாப்பிட்டவன். இரண்டு நாள் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான்.

“எதிரி குண்டுன்னே எழுதிருதேன். போனவன் திரும்பி வரப்போறதில்ல, நீயாவது பொழச்சுக்கோ” என்று அன்றைக்குச் சொன்னவர் இதே நாறும்பூநாதன்தான்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஜோதிராஜின் டிரங்குப் பெட்டியை ஊருக்குக் கொண்டுவந்து கொடுத்தார் தேவவரம். கல்யாணமாகி ஏழு மாதம்கூட ஆகாத புஷ்பக்கனி அதை வாங்கி உள்ளே வைத்தாள். அவன் எப்படிச் செத்தான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷமே துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வேதாகமம் படிக்கப் போனார். குருப்பட்டம் கிடைத்த கையோடு புஷ்பக்கனியைப் பெண் கேட்டார். ஒரு வாரம் யோசித்து, சரி என்றாள். விதவைக்கு வாழ்வு கொடுத்தவர் என்று போகிற சபையெல்லாம் அவரை மெச்சியது. மெச்சும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும்.

அவளும் ஒரு குறையும் வைக்கவில்லை. சபையில் பீடி சுற்றுகிற பெண்களுக்கு ஒன்று என்றால் இவருக்கு முன்னால் அவள் போய் நிற்பாள். இவர் டெங்குவில் விழுந்தபோது பதினோரு நாள் கட்டிலை விட்டு நகரவில்லை. எல்லாரோடும் சமாதானமாகி எடுக்கவேண்டிய திருவிருந்து நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவளுக்கு எப்படியோ தலைவலி வந்துவிடும். ஊருக்கெல்லாம் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற ஐயர், தம் கையால் சொந்த மனைவிக்குக் கொடுத்ததில்லை.

போனை வைத்தார். நாளைக்குச் சுபேதார் வாயால் அவள் இதைக் கேட்கக்கூடாது. அவள் காறித் துப்பினாலும் சரி, அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டி வந்தாலும் சரி. எழுந்துபோய் அவள் எதிரில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

“புஷ்பம், கீரையக் கீழ வையி.”

வைத்தாள்.

மூடுபனியிலிருந்து டிரங்குப் பெட்டி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். சுபேதார் எழுதிய பொய்யையும், தான் அதற்குத் தலையாட்டியதையும் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், சுளகில் கிடந்த கீரைக் காம்புகளைப் பார்த்தே சொல்லி முடித்தார்.

“எதிரி குண்டுன்னு சொன்னதெல்லாம் பொய்யி. அவனச் சுட்டது நாந்தான். என்னயப் போவச் சொன்னா இப்பமே போயிருதேன்.”

அழுவாள், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள் என்று காத்திருந்தார். அவள் மடியில் சிந்திக் கிடந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சுளகில் போட்டாள்.

“தெரியும்” என்றாள். “அவுக ஆஸ்பத்திரியில கெடக்கையில, தமிழ் தெரிஞ்ச ஒரு நர்சம்மாவ எழுதச் சொல்லி எனக்கு லெட்டர் போட்டிருந்தாவ. நீங்க பெட்டியோட வந்தீங்கல்லா, அதுக்கு ரெண்டு வாரம் முந்தியே வந்துட்டு.”

தேவவரம் தலையை நிமிர்த்தினார்.

“‘தேவவரம் தெரியாமச் சுட்டுட்டான், அவன நீ மன்னிச்சிரணும்’னு எழுதியிருந்தாவ. அவுக கடைசியாக் கேட்டது அதொண்ணுதான். கூடவே இருந்தா மன்னிக்க மனசு வந்துரும்னு நெனச்சு ஒங்களக் கட்டுனேன்.”

ஐயருக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமாக அமுக்கிய கல்லை யாரோ நெஞ்சிலிருந்து புரட்டித் தள்ளியது போல இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தன் கையை நீட்டினார்.

புஷ்பக்கனி கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“இன்னும் வரல.”