கடிலாக்குக்கு நாலு தேசிக்காய்

நாலு சக்கரங்களுக்கும் முன்னால் நாலு தேசிக்காய் வைத்தாயிற்று. ஐயர் கற்பூரத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

இனிக் கார் போக வேண்டும். உறுமாமல், இடையில் நிற்காமல், நாலையும் நசுக்கிக்கொண்டு போக வேண்டும்.

லண்டன் லூயிஷாம் சிவன் கோயிலுக்கு முன்னால் பத்தொன்பது அடி நீளத்தில் இளநீலக் கடிலாக் ஒன்று நின்றால் யார்தான் பார்க்காமல் போவார்கள்? வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்த சனம் முழுவதும் நடைபாதையில் கூடிவிட்டது.

என் கணவர் சிவானந்தன் சனம் நின்ற பக்கமாக, வலப்பக்கச் சீற்றில் கழுத்தை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முன்னால் பிடித்தபடி இருந்தார். பக்கத்துச் சீற்றில் நான் சரிந்து கிடந்தேன். என் தலை தெரிந்தால் காரின் அழகு கெட்டுவிடுமாம்.

இவ்வளவும் ஓர் ஆளுக்காகத்தான்.

இவருடைய அண்ணை நவரட்ணம் மோர்டனில் இருக்கிறார். எந்தக் கொண்டாட்டத்துக்கும் மகன் நிரூபன் ஓட்டிவரும் ஜெர்மன் காரின் பின்சீற்றிலிருந்து முதலாளி மாதிரி இறங்குவார். இறங்கியதும், வேர்த்து விறுவிறுத்து நடந்துவரும் எங்களைப் பார்த்து ஊருக்கே கேட்கும்படி கேட்பார்.

"என்ன தம்பி, பஸ்ஸிலையோ வந்தனி?"

இருபத்திரண்டு வருடமாக இதே கேள்வி. இவர் சிரித்துக்கொண்டே ஓம் என்பார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடமாட்டார். எனக்கோ அந்த மனிதரின் தலையில் பாயாச வாளியைக் கவிழ்க்க வேண்டும் போலிருக்கும்.

தான் கார் ஓட்டுவதை அண்ணை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இவருக்கு வேறு ஆசை கிடையாது.

ஆனால் அது ஏன் கடிலாக்காக இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் செத்தார்கள். இவர் சரித்திரத்தைத் தொடங்கிவிடுவார். 1902இல் ஆரம்பித்த கொம்பனி. டிற்றொயிற் நகரத்தை நிறுவிய பிரெஞ்சுக்காரனின் பெயர். 1908இல் இங்கே, லண்டனுக்குப் பக்கத்துப் புறூக்லண்ட்ஸில், மூன்று கடிலாக்குகளை ஆணி ஆணியாகக் கழற்றி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மறுபடி பூட்டி ஓட்டிக் காட்டினார்களாம். 1912இல் கையால் சுழற்றத் தேவையில்லாமல் மின்சாரத்தில் ஸ்டார்ட் ஆனதாம். 1959இல் வாலில் துடுப்புகள் அப்படி ஓர் உயரமாம். எங்கள் கார் அந்த வருடத்தது. பல்லுக்கு மருந்து வைக்க வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போதுகூட இவர் அந்தத் துடுப்பைப் பற்றிச் சொன்னார். டொக்டர் பாவம்.

"அரோகரா!" என்று யாரோ கத்தினார்கள்.

கார் நகர்ந்தது. முன்னால் இரண்டு சளக். பின்னால் இரண்டு சளக். ஒரு விதைகூடத் தப்பவில்லை.

சனம் கைதட்டியது. முன்வரிசையில் நின்ற அண்ணையும் தட்டினார். இவர் எங்கள் கல்யாணத்தன்றுகூட இப்படிச் சிரித்ததில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோசம்.

அந்தச் சந்தோசத்தில் ஒன்றை மறந்துவிட்டோம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. புருஷனின் அண்ணை காரில் ஏற வந்தால் பெண்சாதி முன்சீற்றை விட்டுப் பின்னுக்குப் போய்விட வேண்டும். யாரும் சொல்வதில்லை. அவர் வந்து கதவடியில் நிற்பார், நாங்கள் இறங்குவோம்.

அண்ணை ரோட்டைச் சுற்றி வந்து என் கதவடியில் நின்றார்.

"ஒரு ரவுண்ட் போவம், தம்பி."

இவர் முன்னுக்குப் பார்த்தபடியே விறைத்துப்போனார். நான் இறங்கவில்லை. நான் இறங்கினால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும் என்பது எனக்கும் இவருக்கும் சிவனுக்கும் தெரியும்.

அண்ணை கதவைத் திறந்தார்.

ஸ்டியரிங் என் கையில் இருந்தது.

அமெரிக்கக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த நாட்டில் வலப்பக்கம் இருப்பவன்தான் ஓட்டுகிறான் என்று சனம் நம்பும். கடிலாக்கின் பெருமைகள் அத்தனையிலும் இவருக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான்.

டிறைவிங் டெஸ்ற்றில் இவர் ஒன்பது தரம் பெயில். நான் முதல் தரமே பாஸ், ஆனால் வீட்டில் அதைப்பற்றிப் பேசுவதில்லை. இவர் இவ்வளவு நேரமும் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தது அர்ச்சனைத் தட்டை. ஐயருக்கு மட்டும் விசயம் தெரியும். ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைக்கத் தலையை உள்ளே நீட்டியவர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டுக்கும் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணையின் வாய் மெல்லத் திறந்தது.

நடைபாதையில் அவ்வளவு சனமும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், இவர் லண்டனை விட்டே போக வேண்டியதுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அந்த மனிதரைக் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தேன்.

அண்ணை சிரிக்கவில்லை. என் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். பின்கதவைத் திறந்து ஏறினார். நான் காரை எடுத்துச் சந்தியால் திரும்பினேன்.

கோயில் மறைந்த பிறகு அண்ணை முன்னுக்குக் குனிந்து என் காதடியில் கேட்டார்.

"பிள்ளை, இதுமாதிரி இன்னொண்டு எங்கை எடுக்கலாம்? நான் பதினொரு தரம்."

இவருக்கு ஒன்பது. அவருக்குப் பதினொன்று.

பிறந்த நாளிலிருந்து இவர் தன் அண்ணையை ஒன்றில் முந்தியது அன்றைக்குத்தான்.