சுவரில் இருப்பவள்

மகளின் முதல் வருட நினைவு ஜெபம் கூடத்தில் நடக்கிறது. பெற்றவளோ அடுக்களையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊர் சும்மா இருக்குமா?

"எலே தாசே, இது பெத்த வயிறுதானா? ஜோஸ்னா படத்துக்கு ஒரு பூ வச்சாளா? ஏறிட்டாவது பாத்தாளா?" ஜெபம் முடிந்ததும் சுவாமிதாசின் அக்காள் செல்லபாய் கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினாள்.

சுவாமிதாசுக்கு மானம் போயிற்று. அடுக்களைக்கு வந்தார்.

"அவ ஒனக்கும் மகதானே சுகுமாரி?"

சுகுமாரி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

காய்ச்சலில் மகள் போனதிலிருந்து இப்படித்தான். கூடத்துப் படத்தின் பக்கம் அவள் திரும்புவதே இல்லை. அவரோ தினமும் அதைத் துடைத்துத் துடைத்து அழுகிறவர். இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று வெறுத்துப் போயிருந்தார்.

மறுநாள் காலை, வீட்டு முன்னறையிலிருந்த அவருடைய ஸ்டுடியோவுக்கு இஃப்ரா வந்தாள். சோமாலியாவில் பிறந்த புகைப்படக்காரி; இங்கே படித்ததில் தமிழ் நன்றாக வரும். பக்கத்துப் பாறசாலையில் தோழி வீட்டில் தங்கி, திருவனந்தபுரத்தில் கண்காட்சி வைக்கப்போகிறாள். சண்டையில் செத்துப்போன அம்மாவின் ஒரே படத்தையும், அதே மாதிரி துணியைத் தோளில் முடிந்து அதே மாதிரி நின்று தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படத்தையும் பிரிண்ட் போடக் கொடுத்திருந்தாள்.

"என் மண்ணு, என் ஆளுங்க, நான் யாருன்னு இந்த ரெண்டு படத்துக்கு நடுவுல தேடுறேன் சார்" என்று கொடுத்த அன்றே சொல்லியிருந்தாள்.

தாயில்லாப் பிள்ளை என்று சுவாமிதாசுக்கு இரக்கம். அம்மா படத்தில் தன் கைவரிசை முழுவதையும் காட்டியிருந்தார். காக்கையைக் கொடுத்தாலும் கொக்காக்கித் தருவார் என்று ஊரில் அவருக்குப் பேர்.

இஃப்ரா படத்தையே பார்த்தாள்.

"இது யாரு?"

"உங்க அம்மாதான். நல்ல வெளுப்பாக்கியிருக்கேன். காசு வேண்டாம் மக்கா."

அவள் தன் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். கறுத்த மகள், வெளுத்த அம்மா. அவள் கண் நிறைந்துவிட்டது.

"இவங்க என்னைப் பெத்திருக்க முடியாது சார்."

அசல் படத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

சுவாமிதாஸ் அவள் விட்டுப்போன வெளுத்த படத்தைக் கையிலெடுத்தார். திறந்திருந்த கதவு வழியே கூடத்துச் சுவரைப் பார்த்தார். பால்வெள்ளையாக ஜோஸ்னா. கல்யாணத் தரகருக்குக் கொடுக்க அவரே உட்கார்ந்து வெளுப்பாக்கிய படம். வீட்டில் ஒருவருக்கும் இல்லாத நிறம்.

கதவோரம் சுகுமாரி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"சுகுமாரி..." என்றார்.

அவள் போனை நீட்டினாள். மரச்சீனிக் கிழங்கை உரித்தபடி, வியர்வை வழிய, கறுகறுவென்று சிரித்துக்கொண்டிருந்தாள் ஜோஸ்னா.

"இவளையாக்கும் நான் பெத்தது. சொவத்துல இருக்கவ ஆருன்னு எனக்குத் தெரியாது. அவளைக் கட்டிப்பிடிச்சு அழுத மனுசன்கிட்ட அதை எப்பிடிச் சொல்ல? அதான், ஊரு என்னைக் கல்லுன்னு சொன்னாச் சொல்லட்டும்னு கெடந்தேன்."