ஒரே ஒரு தோட்டா

நிலத்தைப் பங்கு பிரித்ததில் சவரிக்கும் அவன் மச்சினன் அருளப்பனுக்கும் மனக்கசப்பு வந்த பிறகு, பன்றி வேட்டைக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரே ஒரு தோட்டா போடும் துப்பாக்கி சவரியின் தோளில்; அந்த ஒரு தோட்டா அருளப்பனின் மடியில். பன்றியைப் பார்த்த பிறகுதான் கைமாறும். "ஒருத்தரை ஒருத்தர் நம்பாதவங்களுக்குன்னே செஞ்ச துப்பாக்கி மாப்ள இது" என்று சவரி சிரிப்பான்.

அன்று சோளக்கொல்லையோரம் புதர் அசைந்தது. அருளப்பன் தோட்டாவை நீட்டினான். சவரி அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் திறக்காமலே விசையில் விரலை வைத்தான்.

"தோட்டாவைப் போடலையா மச்சான்?"

"அதுக்கென்ன மாப்ள, இருக்கட்டும். நீ முன்னால போய்ப் புதரைக் கலைச்சு விடு."