வாயைச் சுற்றி அக்கி

"இன்னைக்கும் வெச்சிருக்காங்க, வந்து பாருங்க."

வாசல்படியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே இரண்டு டம்ளர் ரேஷன் அரிசி. லாவண்யா அதைத் துடைப்பத்தாலேயே ஓரமாகத் தள்ளினாள்.

"யாரு, எதிர்வீட்டு ஜயம்மாவா?" ஷூ மாட்டியபடியே கேட்டான் அவள் கணவன் சஞ்சய்.

"வேற யாரு? எனக்கு வந்தது அவங்க வீட்டுக்குள்ள வந்துடக் கூடாதாம். அரிசி வெச்சுக் கழிக்கிறாங்க. வேற வீடு பாருங்கன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறீங்க."

சஞ்சய் பஸ்ஸுக்கு ஓடினான்.

ஆரணியிலிருந்து பெங்களூர் ஈஜிபுராவுக்குக் குடிவந்து நான்கு மாதம்தான் ஆகிறது. வந்ததும் லாவண்யாவுக்கு ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை கிடைத்தது. முகம் இன்னும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று, கூட வேலை பார்ப்பவள் சொன்ன க்ரீமை வாங்கிப் பூசினாள். பளிச்சென்றுதான் ஆனது. பிறகு வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாகச் சிவந்து கிளம்பியது. பூசினால் அடங்கும், நிறுத்தினால் இரண்டு மடங்காக வரும். அவளும் விடாமல் பூசினாள்.

"இந்த க்ரீம்தாம்மா காரணம். இதுல ஸ்டீராய்டு இருக்கு" என்றார் தோல் டாக்டர். "இன்னைக்கே நிறுத்திடுங்க. முதல்ல ரெண்டு வாரம் இன்னும் மோசமாகும். பயந்துபோய் மறுபடி பூசிடாதீங்க. மாத்திரையை மட்டும் விடாம சாப்பிடுங்க. இது யாருக்கும் ஒட்டாது."

அவர் நன்றாக இருக்கட்டும், சொன்னபடியே மோசமானது. "முகம் சரியானதும் வாங்க" என்று கடையில் அனுப்பிவிட்டார்கள்.

அன்று துப்பட்டாவால் மூக்குவரை மூடிக்கொண்டு வீடு திரும்பியபோதுதான் ஜயம்மா எதிரே வந்தாள். கார்மெண்ட்ஸில் வேலை பார்க்கும் கன்னடக்காரி. தமிழ் அரைகுறை.

"யாக்கம்மா, ஏன் வேலைக்குப் போகல?"

ஸ்டீராய்டு கதையையெல்லாம் இவளுக்கு எப்படிப் புரியவைப்பது? எந்தப் பொரி வந்தாலும் ஊரில் சொல்கிற ஒற்றை வார்த்தையில் முடித்தாள் லாவண்யா. துப்பட்டாவின் மேலேயே வாயைத் தொட்டுக் காட்டி, "அக்கி" என்றாள். "வேலையும் போச்சு."

"அக்கியா?"

"ஆமாக்கா, அக்கிதான்."

ஜயம்மாவின் முகம் சுண்டிப்போனது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளிலிருந்து வாசலில் அரிசி. வழியில் லாவண்யாவைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பாள்.

லாவண்யா தினமும் அந்த அரிசியை மொட்டைமாடிப் புறாக்களுக்குக் கொட்டினாள். மனசுக்குள் ஜயம்மாவைத் திட்டித் தீர்த்தாள்.

இன்றோடு மூன்று வாரம். பொரி பாதிக்குமேல் அடங்கிவிட்டது, அதோடு கொஞ்சம் தைரியமும் வந்திருந்தது. துப்பட்டாவை எடுத்துப் போட்டுவிட்டு, அரிசிக் கவரோடு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த ஜயம்மா அவளை நிமிர்ந்து பார்த்துத் திகைத்தாள். "மூஞ்சிக்கு என்னாம்மா ஆச்சு?"

லாவண்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரியாத மாதிரி கேக்குறீங்களே. அக்கின்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னே. வேல போச்சு, வாய்க்கு அக்கி இல்லன்னு காட்டுனே. அதானே தினமும் வெக்கிறேன்." ஜயம்மா கவரைத் தொட்டுக் காட்டினாள். "கன்னடத்துல இதுதானே அக்கி? நீங்க அரிசிங்கிறீங்க."

லாவண்யா கையிலிருந்த கவரைக் குனிந்து பார்த்தாள். உள்ளே ஜயம்மாவின் கணவர் தட்டில் ராகிக் களி உருண்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப உங்களுக்கு அரிசி?"

"நமக்கு ராகி முத்தே இருக்கு. இந்த மாசம் அது போதும்."

பெற்றவள்கூடப் பக்கத்தில் இல்லாத ஊரில், இப்படியும் ஒருத்தி. லாவண்யாவுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. ஒன்றுதான் விளங்கவில்லை.

"பின்ன ஏன்க்கா, என்னைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனீங்க?"

ஜயம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நா பாத்தா, வாங்கித் தின்றோமேன்னு உனக்குக் கூச்சமா இருக்கும்ல. அதான்."