மாறாத எண்

எண் மாறவில்லை.

அவள் மடியிலிருந்த கம்ப்யூட்டரில் பக்கத்தைப் புதுப்பித்தாள். 1270.

மறுபடியும் புதுப்பித்தாள். அதே 1270.

நேரங்காலம் தெரியாமல் மக்கர் பண்ணுகிறதே என்று கோபம் வந்தது.

குழந்தை கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சூட்டுப் பெட்டிக்குள். அவசரக்காரி. இரண்டு மாதம் முன்னதாகவே வந்துவிட்டாள். தினமும் காலையில் எடை போட்டு, இத்தனை கிராம் என்று சொல்வார்கள். முதலில் கொஞ்சம் இறங்கும், எங்கே நிற்கிறது என்று பார்ப்போம் என்றார் டாக்டர். நின்றுவிட்டால் மடியில் கொடுப்பார்களாம்.

மஸ்கட்டில் இருக்கும் கணவன் மணிக்கொரு தரம் கூப்பிட்டு உயிரை வாங்கினான். அவனுக்காகத்தான் இந்த வலைப்பக்கம். அவளே எழுதியது. பெரிய வேலை ஒன்றுமில்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் மேத்.மின் என்று ஒன்று தயாராகவே இருக்கிறது. எத்தனை எண்களைக் கொட்டினாலும் மிகச் சிறியதைப் பொறுக்கிக் கொடுத்துவிடும். எடை எதுவரை இறங்கியது என்று அவன் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

காலைதோறும் எண் இறங்கியது. அவளுக்குச் சோறுதான் இறங்கவில்லை.

இன்றும் சிஸ்டர் கதவிடுக்கில் தலையை நீட்டி எடையைச் சொன்னார். காது கேட்டது, விரல் தட்டியது. மனசு பெட்டிக்குள் இருந்தது.

போன் அடித்தது. அவன்தான்.

"என்ன புள்ள, நம்பரே மாறல? நெட்டு இல்லையா?"

"இருங்க. நான் எழுதுன கோடிங்ல ஏதோ தப்பு."

வரி வரியாகப் பார்த்தாள். அடைப்புக்குறி சரி. காற்புள்ளி சரி. சேமித்தாயிற்று.

கடைசியில்தான் எடைகளைப் பார்த்தாள்.

1340, 1310, 1285, 1270.

இன்றையது 1290.

அவள் எழுதியதில் ஒரு குற்றமும் இல்லை.

முதலில் சிரிப்பு வந்தது. அழுகை பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்துகொண்டது. பக்கத்து நாற்காலிப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"ஏ புள்ள! என்னாச்சு? சொல்லு!" போனில் அவன் கத்தினான்.

மின் என்று இருந்ததை அழித்தாள். மிகப் பெரியதைக் காட்டட்டும் என்று மேக்ஸ் போட்டாள். பிறந்த அன்றைய 1340 வந்து நின்றது. அட, இதுவும் சரியில்லை. அதையும் அழித்துவிட்டு, இன்றைய எடையை மட்டும் காட்டச் சொன்னாள்.

"இப்பப் பாருங்க."



மஸ்கட் அறையில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் அவன் எழுப்புவது கேட்டது.

கண்ணாடிக் கதவு திறந்தது. சிஸ்டர் அவள் மடியைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டரக் கீழ வைம்மா."