ஆட்சேபணைக்குக் கடைசி நாள்

"உயிரோட இருக்கறவங்க மட்டும்தான் ஆட்சேபணை சொல்லலாமா சார்?"

கேட்டவர் வாசலை ஒட்டி நின்றிருந்தார். காலெல்லாம் ஈர மண். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் ஒண்டிக்கொண்டிருந்தாள்.

நகரமைப்பு அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதிய நிலப் பயன்பாட்டுத் திட்டத்துக்கு ஆட்சேபணை கேட்கும் கடைசி நாள் அது. காலையிலிருந்து ஊரே திரண்டு வந்து கத்திவிட்டுப் போயிருந்தது. தன் கடை வழியாக ரோடு வரவே கூடாது என்றார் ஒரு கடைக்காரர். அவருடைய தம்பி வந்து, அண்ணன் கடை வழியாகத்தான் வர வேண்டும் என்றார்.

"யார் வேணா சொல்லலாம், உள்ள வாங்க. இன்னிக்கு விட்டா இனி இருபது வருஷத்துக்கு ஒரு கோடுகூட மாறாது."

அந்த நேரம் பார்த்து இடி இடித்தது. கரன்ட் போனது. சாயங்காலம்தான் என்றாலும் மழை மேகத்தில் அறை கும்மிருட்டாகிவிட்டது. பியூன் முணுமுணுத்துக்கொண்டே மேஜையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தார்.

"இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்" என்றார் அதிகாரி. "போன பிளானுக்கே கரன்ட் இல்லாமதான் கலர் அடிச்சேன். ஒரே ராத்திரி, ஒரு மெழுகுவத்தி. முடிச்சுட்டுத்தான் எழுந்தேன்!"

ஆபீசில் அவருக்கு 'ஓவியர்' என்று பட்டப்பெயர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதல் வரைபடத்துக்குத் தன் கையால்தான் வண்ணம் தீட்டுவார். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை, இடுகாட்டுக்கு வெளிர் பழுப்பு.

"சொல்லுங்க, உங்க இடம் எது?"

வந்தவர் சுவரில் மாட்டியிருந்த புது வரைபடத்தின் அருகே போனார். தேடவே இல்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த பச்சைத் துண்டின் ஓரத்தில் நேராக விரலை வைத்தார்.

"அது பூங்காங்க. புதுசா வரப்போகுது."

"அதுக்கு அடியிலதான் சார் நாங்க இருக்கோம்."

அதிகாரியின் சிரிப்பு பாதியில் நின்றது. இடுகாட்டை மூடிவிட்டுப் பூங்கா அமைப்பது, இந்தத் திட்டத்திலேயே அவர் பெருமைப்பட்டுக்கொண்ட யோசனை.

எதற்கும் பழைய வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மஞ்சளும் பழுப்பும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, பழுப்புதான். இடுகாடேதான்.

"யாரும் அங்க வந்து பாக்கலியா சார்?"

யாரும் போகவில்லை. இடுகாட்டுக்குள் இறங்கி யார் அளப்பது? பழைய திட்டத்தில் இருந்ததை அப்படியே புதியதில் ஏற்றிவிட்டார்கள். ஆபீஸ் வழக்கம் அது.

"எத்தனை பேர்... இருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டார் அதிகாரி.

"ஒரு தெரு முழுக்க. ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து கிடக்கோம், புரண்டு படுக்க இடமில்ல. விளக்கு கேட்டா, அந்த இடத்துக்கெல்லாம் கிடையாதுங்கறாங்க. தண்ணி கேட்டா சிரிக்கறாங்க. மழை பெஞ்சா மண்ணு கரைஞ்சு உள்ள வருது. சொந்தக்காரங்ககூட எட்டிப் பாக்கறதில்ல."

"இத்தனை நாளா ஏன் வரல?"

"வராம என்ன சார்? அங்க யாருமே இல்லைன்னு சொல்லி ஒவ்வொரு தடவையும் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப எங்களைச் சமன் பண்ணிட்டு, மேல புல்லு போட்டு, ஊஞ்சல் கட்டப் போறீங்களாம். நாங்க எங்க சார் போவோம்?"

அதிகாரி பியூனைத் தேடினார். பியூனைக் காணோம். செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது.

சின்னப் பெண் அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இவருதானா?"

"ஆமாம்மா. இவரேதான்."

அதிகாரி மேஜைக்கு அடியில் நீட்டியிருந்த கால்களைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். ஓடலாம் என்றால், வாசலுக்கும் அவருக்கும் நடுவில் அவர்கள் நின்றிருந்தார்கள்.

"நான் உங்களுக்கு என்னப்பா பண்ணேன்? நீங்கல்லாம் எப்ப... எப்ப செத்தீங்க?"

வெளியே மழை கொட்டத் தொடங்கியது.

பட்டென்று கரன்ட் வந்தது. டியூப்லைட் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. உடனே அந்தப் பெண் ஓடி வந்து மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். புகை மூக்கில் ஏறியதும் ஒரு பெரிய தும்மல் போட்டாள்.

"இந்த மிச்சத்த எடுத்துக்கட்டுமா சார்? ராத்திரி படிக்கறதுக்கு ஆகும்."

அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்பா பழைய வரைபடத்தை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, அந்தப் பழுப்புத் துண்டை அதிகாரியின் முன்னால் நகர்த்தினார்.

"போன பிளான்லதான் சார் செத்தோம், இடுகாட்டை ஒட்டின எங்க தெருவுக்கும் சேர்த்து நீங்க பழுப்பு அடிச்சீங்களே, அன்னிக்கு!"