கனகாம்பிகை வாய் திறக்கவில்லை

“பெத்த தகப்பனைக் கொல்லுறதுக்கு இறக்கிக்கொண்டு போகேக்குள்ளை, வாய் திறக்காமல் இருந்தவளையோ எங்கடை நாடகத்திலை நடிக்க விடப்போறியள்?”

சோமசேகரம் கேட்டதும் பல்கலைக்கழக நாடகக் குழுக் கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. பாலேஸ்வரி மட்டும் அடங்கவில்லை.

“நீர் கண்டனீரோ?”

“போன வருசக் கலவரத்திலை, கொழும்பிலை, அதே பஸ்ஸிலை பின்சீற்றிலை இருந்த வின்சன்ற் கண்டவன். அவள் அசையவே இல்லையாம். சிங்களப் படத்திலை நடிச்சுப் பரிசு வாங்கினவளெல்லே, தப்பத் தெரிஞ்சிருக்கு.”

“உம்மடை வின்சன்ற் என்ன செய்தவர்? பாட்டுப் படிச்சவரோ?”

இரண்டொருவர் சிரித்தார்கள்.

“ஆம்பிளை பின்சீற்றிலை பதுங்கினால் அது புத்தி. பொம்பிளை பேசாமல் இருந்தால் துரோகம். நல்ல நியாயம்! நான் அவவின்ரை வாயாலையே கேட்டுக்கொண்டு வாறன். பொய்யெண்டால் எல்லாருக்கும் முன்னாலை நீர் மன்னிப்புக் கேக்கோணும்.”

“ஓம், கேக்கிறன். போயிட்டு வாரும்.”

கனகாம்பிகையைத் தேடி அரியாலை வரை சைக்கிள் மிதித்த நேரமெல்லாம், நாளைக்கு சோமசேகரத்தின் வாயை எப்படி அடைப்பது என்பதையே பாலேஸ்வரி மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள்.

இருபத்திரண்டு வயதுக்குள் தொலைக்காட்சி நாடகத்துக்கு ஒரு விருது, சினிமாவுக்கு ஒரு விருது. அப்படிப்பட்ட கனகாம்பிகை, மாமன் வீட்டுக் கிணற்றடியில் ஊர்ப்பட்ட உடுப்புகளைத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, எங்கடை நாடகத்திலை நீங்கள்தான் நடிக்கோணும். ஆனால் உவங்கள் ஒரு கதை கட்டிவிட்டிருக்கிறாங்கள். அப்பாவை இறக்கேக்குள்ளை நீங்கள் வாய் திறக்கேல்லையாம். பொய்யெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்.”

கனகாம்பிகை பிழிந்த சேலையை உதறிக் கொடியில் போட்டாள்.

“பொய்யில்லைத் தங்கச்சி. நான் வாய் திறக்கேல்லை. நாடகத்துக்கு வேறை ஆளைப் பாருங்கோ. நான் இனி நடிக்கமாட்டன்.”

பாலேஸ்வரிக்கு முகம் கறுத்துப்போனது. இவளுக்காகவா அத்தனை பேரோடும் மல்லுக்கு நின்றேன் என்று ஆத்திரம் வந்தது.

“‘என்ரை அப்பா’ எண்டு ஒரு சொல்லு! பெத்த தகப்பனுக்கு அதுகூடச் சொல்ல வரேல்லையோ?”

“தொண்டை வரைக்கும் வந்தது.”

“பிறகென்ன?”

கனகாம்பிகை தோய்க்கிற கல்லிலேயே இருந்துவிட்டாள்.

“பஸ்ஸுக்குள்ளை ஏறினவங்கள் என்ரை முகத்தைக் கண்டதும் சிரிச்சாங்கள். படத்திலை நான் சிங்களப் பெட்டை, போட்ட பேரும் சிங்களப் பேர். தங்கடை ஆள் எண்டே நினைச்சிட்டாங்கள். ஒருத்தன் கையிலை இருந்த பொல்லுத் தடியைக் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு, பஸ் ரிக்கற்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான்.”

“நீங்கள் போட்டியளோ?”

“போட்டன். கை நடுங்காமல் போட்டன். ரெண்டு பேரும் தப்பிட்டம் எண்டு நினைச்சன் தங்கச்சி. பிறகுதான் எனக்குப் பக்கத்திலை இருந்த அப்பாவின்ரை திருநீற்றை அவன் கண்டவன்.”

பாலேஸ்வரி அவளுக்குப் பக்கத்தில் ஈர நிலத்திலேயே குந்தினாள்.

“‘நோனா’ எண்டு மரியாதையாய்க் கூப்பிட்டு, ‘இந்தத் தமிழன் உங்களுக்கு ஆர்?’ எண்டு கேட்டான். நான் வாயைத் திறக்க முதல் அப்பா எழும்பிட்டார். என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டு, ‘மன்னிக்கோணும் நோனா, ஆரெண்டு தெரியாமல் பக்கத்திலை இருந்திட்டன்’ எண்டு சிங்களத்திலை சொல்லிப்போட்டு, தானாய் இறங்கிப் போனார்.”